தை பிறந்தால் சுண்ணாம்புக் கோடு

தைப்பொங்கல் முடிந்ததும் யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களில் இன்னொரு திருநாளுக்கான வேலை தொடங்கும். மைதானத்துப் புல்லைச் செதுக்கி, கயிறு பிடித்து, சுண்ணாம்பு கரைத்து ஓடுபாதைக்குக் கோடு போடுவார்கள். பிள்ளைகளை இல்லங்களாகப் பிரித்து நடத்துகிற இல்ல மெய்வல்லுநர் போட்டி வருகிறது என்பதற்கு அந்தக் கோடுதான் முதல் அறிவித்தல். அதற்குப் பிறகு பிள்ளைகளுக்கு வேறு பேச்சில்லை. எங்கட இல்லத்தில் நூறு மீற்றருக்கு ஆர், அஞ்சலோட்டத்தில் கடைசிக் கோல் ஆரின் கையில், இல்லப் பந்தலை இந்த முறை கோட்டையாகக் கட்டுறதோ கப்பலாகக் கட்டுறதோ என்று நாள் முழுக்கப் போகும்.

நான் முதலில் அந்தக் கோடுகளுக்குள் ஓடினேன். பிறகு உடற்கல்வி ஆசிரியையாக அவற்றைப் போடுவித்தேன். ஓய்வு பெற்ற பிறகும் என்னைத் தேடி வந்து, "ரீச்சர், பிள்ளை படிக்கவேணும், ஓட்டத்தை விடச் சொல்லுங்கோ" என்று கேட்கும் தாய்மார் இருக்கிறார்கள். இந்த மண்ணில் படிப்பும் மைதானமும் எப்படி ஒன்றாக வளர்ந்தன என்பதை அவர்களுக்கு ஒருமுறை ஒழுங்காகச் சொல்லிவிட வேண்டும் என்று நெடுநாளாக எண்ணம்.

யாழ்ப்பாணத்தில் ஆங்கிலப் பள்ளிகளை முதலில் நாட்டியவர்கள் மிஷனரிகள். யாழ் மத்திய கல்லூரியின் வேர் 1816இல் வெஸ்லியன் மிஷனரிகள் தொடங்கிய பள்ளியில் இருக்கிறது. பரியோவான் கல்லூரி 1823இல் நல்லூரில் ஜோசப் நைற் பாதிரியார் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்து, பின்னர் சுண்டிக்குளியில் நிலைகொண்டது. அதே 1823இல் அமெரிக்க மிஷன் வட்டுக்கோட்டையில் தன் செமினரியைத் தொடங்கியது. அந்த முதல் தலைமுறை மாணவர்களுக்கு வேதாகமமும் கணிதமும் வானியலும்தான் பாடம். பள்ளிக்கூட விளையாட்டு என்ற ஏற்பாடு அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் பள்ளிகளிலிருந்து அதிபர்மாரோடு வந்தது. கொழும்பில் றோயல் கல்லூரியும் பரி. தோமாவின் கல்லூரியும் 1879இல் தங்களுக்கிடையிலான துடுப்பாட்டத்தைத் தொடங்கின. கால் நூற்றாண்டு கழித்து, 1904இல், யாழ் மத்திய கல்லூரியும் பரியோவானும் மோதத் தொடங்கின. அதுதான் பின்னாளில் வடக்கின் பெரும் சமர் என்று பெயர் பெற்றது. 2024 மாசியில் எல்லாரும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். பங்குனியில் ஆடியது 117ஆவது ஆட்டம். உலகப் போர்கள், உள்நாட்டுப் போர், பெருந்தொற்று எல்லாவற்றையும் கடந்து அந்தக் கணக்கு அவ்வளவு தூரம் வந்திருக்கிறது.

ஆனால் ஒரு பள்ளியில் ஆயிரம் பிள்ளைகள் இருந்தால் துடுப்பாட்ட அணியில் பதினொரு பேருக்குத்தான் இடம். மற்றவர்களையும் மைதானத்துக்கு இழுத்து வந்தது இல்ல முறை. அதையும் வெளியிலிருந்து வாங்கி, நாங்கள் எங்களுடையதாக்கிக்கொண்டோம். பரியோவானில் இல்லங்களுக்கு ஹண்டி, பாஜிற்றர், பீற்றோ, தொம்சன் என்று பாதிரிமார், அதிபர்மார் பெயர்கள். யாழ் இந்துக் கல்லூரியில் அதே முறை காசிப்பிள்ளை, நாகலிங்கம், பசுபதி, சபாபதி என்று தங்கள் கல்லூரிப் பெரியவர்களின் பெயர்களோடு நடந்தது. மிஷன் பள்ளிகளுக்கு மாற்றாக எழுந்த சைவப் பள்ளிகள் மைதானத்தை மட்டும் மாற்றான் பொருள் என்று தள்ளவில்லை. எனக்கு இது மிகப் பெரிய விஷயமாகப் படுகிறது. பாடத்தில் பின்னுக்கு நிற்கிற பிள்ளைக்கும் இல்லத்தில் ஒரு வேலை உண்டு. ஓடத் தெரியாதவன் பந்தல் கட்டுவான். அதுவும் தெரியாதவன் அணிநடையில் காலை ஒழுங்காக வைத்தால் இல்லத்துக்குப் புள்ளி.

பயிற்றும் ஆசிரியர்களுக்கும் ஒரு பள்ளி வேண்டுமே. ஹரி பக் என்ற அமெரிக்கர் 1920இல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி அந்தக் குறையைத் தீர்த்தது. இலங்கையிலிருந்தும் போய் அங்கே படித்து வந்தார்கள். அந்தக் கல்லூரி இருக்கும் இடத்தை வைத்து, "சைதாப்பேட்டையில் படிச்ச மாஸ்ரர்" என்றால் எங்கள் ஊரில் ஒரு தனி மரியாதை.

இந்த மைதானங்களிலிருந்து எழுந்தவர்களில் நாகலிங்கம் எதிர்வீரசிங்கத்தை ஒவ்வொரு யாழ்ப்பாணத்துப் பிள்ளையும் அறிந்திருக்க வேண்டும். யாழ் மத்திய கல்லூரியின் உயரம் பாய்தல் வீரர். 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் இலங்கைக்காகப் பாய்ந்தபோது அவருக்குப் பதினேழு வயது. அந்தக் காலத்தில் உயரம் பாய்கிறவர்கள் விழுவதற்கு மெத்தை இல்லை. மணலில் இறங்க வேண்டும். அதனால் கோலைத் தாண்டுகிற வித்தையில் பாதி, எலும்பு முறியாமல் கீழே வருகிற வித்தை. இன்று பிள்ளைகள் முதுகைக் காட்டிப் பாய்ந்து மெத்தையில் விழுகிறார்களே, அப்படி அன்று ஒருவன் செய்திருந்தால் அதுவே கடைசிப் பாய்ச்சலாக இருந்திருக்கும். நான் மணற்குழியைக் கொத்தி இளக்கிவிட்டுப் பிள்ளைகளைப் பாய விட்ட ஆண்டுகளில் அவரைத்தான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

1956இல் மெல்பேர்ண் ஒலிம்பிக்கிலும் பாய்ந்தார். 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் தாண்டித் தங்கம் வென்றார். ஆசிய விளையாட்டில் இலங்கை பெற்ற முதல் தங்கம் அது. இவ்வளவையும் சொல்லி நிறுத்திவிட்டால் கதையில் பாதியை விட்டதாகிவிடும். அவர் லொஸ் ஏஞ்சல்ஸில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் படித்தார். பிறகு கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். ஆசிரியராக வேறு நாடுகளில் பணி செய்தார். ஓட்டத்தை விடச் சொல்லுங்கோ என்று வருகிற தாயிடம் நான் முதலில் சொல்வது இந்த மனிதரைத்தான்.

பெண்பிள்ளைகளின் கதை வேறு. வேம்படி, சுண்டிக்குளி, உடுவில் என்று பெண்களுக்கான பள்ளிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டன. ஆனால் படிக்க அனுப்பிய வீடுகளெல்லாம் ஓட அனுப்பவில்லை. நான் ஏழாம் வகுப்பில் இருநூறு மீற்றரில் முதலாவதாக வந்து வட்டாரப் போட்டிக்குத் தெரிவானபோது அம்மம்மா கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது: "குமராகப் போற பிள்ளை ஊர் பார்க்க ஓடுறதோ?" அம்மா ஒன்றும் சொல்லாமல் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றா. ஐயா தீர்ப்பை அம்மம்மாவிடமே விட்டுவிட்டார். அடுத்த நாள் பின்னேரம் எங்கள் ரீச்சர் சைக்கிளில் வீட்டுக்கு வந்தா. அம்மம்மாவுக்குப் பக்கத்தில் திண்ணையில் இருந்துகொண்டு, "அம்மா, நானே கூட்டிக்கொண்டு போய், நானே கொண்டுவந்து விடுவன். பொழுது படமுன்னம் பிள்ளை உங்கட முற்றத்தில் நிற்பாள்" என்று சொன்னா. ஓடுகிற உடுப்பையும் காட்டினா: முழங்காலுக்குக் கீழே வருகிற, நடுவில் பிரித்துத் தைத்த பாவாடை. அம்மம்மா அதை விரித்துப் பார்த்து, தையல் நல்லது என்றா. அவ்வளவுதான், அனுமதி கிடைத்துவிட்டது.

அந்தச் சைக்கிள் பயணங்களை எந்த வரலாற்று நூலும் எழுதவில்லை. யாழ்ப்பாணத்துப் பெண்கள் மைதானத்துக்கு வந்ததற்கு அரசாணையை விட அவைதான் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆசிரியையான பிறகு நானும் எத்தனையோ திண்ணைகளில் இருந்து அதே வாக்கைக் கொடுத்தேன். வலைப்பந்தாட்டத்தில் இலங்கை அணி 2018இல் ஆசியக் கிண்ணத்தை வென்றபோது அதில் ஆடிய தர்ஜினி சிவலிங்கம் எங்கள் வலிகாமத்துப் பிள்ளை. அன்று ரீவிக்கு முன்னால் நான் அழுதேன்.

போர்க்காலத்தில் விளையாட்டுப் போட்டியா என்று வெளியூரார் கேட்பதுண்டு. நடத்தினோம். யாழ்ப்பாணக் கோட்டையைச் சுற்றிய சண்டையில் யாழ் மத்திய கல்லூரிப் பக்கம் சிதைந்து போனது. வலிகாமம் வடக்கில் எத்தனையோ பள்ளிகள் சொந்தக் கட்டடத்தை விட்டுப் பெயர்ந்து, வேறு பள்ளிகளின் நிழலில் மாலை நேரத்தில் நடந்தன. மைதானமே இல்லாத பள்ளிக்கு எப்படி இல்லப் போட்டி வைப்பது? ஒரு தோட்டக்காரர் வெங்காயம் கிண்டிய தறையை இரண்டு கிழமைக்குத் தந்தார். ஓட்டம் தொடங்கத் துப்பாக்கி வெடிப்பதை நாங்களே நிறுத்திவிட்டோம். அந்தச் சத்தம் கேட்டால் சின்னப் பிள்ளைகள் நிலத்தில் படுத்துவிடுவார்கள். இரண்டு பலகைத் துண்டுகளை அடித்துத்தான் ஓட விட்டோம். 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமமே ஒரே இரவில் தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோது எல்லாம் நின்றது. திரும்பி வந்த பிறகு பிள்ளைகள் கேட்ட முதல் கேள்விகளில் ஒன்று, இல்லங்கள் பழைய மாதிரியே இருக்குமோ என்பது. வீடு இருக்குமோ இல்லையோ, தான் எந்த இல்லம் என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தது.

இன்றைய நிலையில் எனக்குச் சில மனக்குறைகள் உண்டு. பெரும் சமருக்கு லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் பழைய மாணவர்கள் வருகிறார்கள், பாண்ட் முழங்குகிறது, நல்லது. ஆனால் அவர்கள் தருகிற பணத்தில் பெரும் பங்கு துடுப்பாட்டத்துக்கே போகிறது. தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியில் படித்த அனிதா ஜெகதீஸ்வரன் கோலூன்றிப் பாய்தலில் இலங்கைச் சாதனையைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்தாள். அதே பள்ளியின் பெண்கள் உதைபந்தாட்டத்தில் நாடு முழுவதும் பெயர் எடுத்தார்கள். 1910இல் பாவலர் துரையப்பாபிள்ளை தொடங்கி, போரில் இடம்பெயர்ந்து அலைந்த ஒரு கிராமப் பள்ளி செய்த வேலை இது. பாயும் கோல் ஒவ்வொன்றும் விலை கூடியது. வளைய மறுக்கிற கோலோடு பழகினால் பிள்ளை ஒரு உயரத்துக்கு மேல் போகாது. பழைய மாணவர் சங்கங்கள் இதை யோசிக்க வேண்டும்.

மற்றக் குறை ரியூசன். பள்ளிக்கூடம் ஒன்றரைக்கு விடுகிறது. இரண்டரைக்கு ரியூசன் தொடங்குகிறது. பயிற்சிக்கு நேரமே மிஞ்சுவதில்லை. ஓடுகிற பிள்ளைகளில் பாதிப் பேர் பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறார்கள். உடல் வலுப்பெற்று ஓட்ட நேரம் குறையத் தொடங்குகிற வயது அதுதான். பல்கலைக்கழக அனுமதியில் விளையாட்டில் சிறந்தவர்களுக்கென்று ஒரு தனி வாசல் இருக்கிறது என்பதைக்கூடப் பல பெற்றோர் அறியமாட்டார்கள். அந்த வாசலுக்கென்றே, வலயத்திலும் மாகாணத்திலும் வென்று தேசிய மட்டத்துக்குப் போன சான்றிதழ்களை நான் பல பிள்ளைகளுக்கு ஒழுங்காகக் கோப்பில் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

அதனால் என்னிடம் வருகிற தாய்மாரிடம் நான் பெரிதாக ஒன்றும் கேட்பதில்லை. கிழமையில் மூன்று பின்னேரம், மூன்று மணியிலிருந்து ஐந்து வரை பிள்ளையைத் தாருங்கோ என்கிறேன். ரியூசன் மாஸ்ரரிடம் நானே போய்ப் பேசி, வகுப்பைக் காலைக்கு மாற்றக் கேட்கிறேன். சிலர் மாற்றித் தந்திருக்கிறார்கள். தூரம் என்றால் பிள்ளையைக் கூட்டிவந்து விடவும் ஆள் ஒழுங்கு செய்கிறேன். இப்போது சைக்கிள் போய் ஸ்கூட்டி வந்துவிட்டது.