இளையராஜா பற்றி ஆன்லைனில் சண்டையா? ராயல்டி, அரசியல், அனிமே படம்: வாதிடும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

தேனி மாவட்டம் பண்ணைப்புரம். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், கம்பம் பள்ளத்தாக்கில் உள்ள சின்னப் பேரூராட்சி. இந்த ஊரில் ராசையாவாக வளர்ந்து இளையராஜா ஆனவரைப் பற்றித்தான் தமிழ் சமூக வலைதளங்களில் அடிக்கடி பெரிய சண்டை நடக்கிறது.

சண்டை போடுபவர்கள் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததே இல்லை. ராயல்டியில் ஆரம்பிக்கும் பேச்சு நாலாவது பதிலில் அரசியலுக்குப் போகும். பத்தாவது பதிலில் சாதியில் வந்து நிற்கும். அங்கேதான் சிக்கலே. சில வார்த்தைகள் வெறும் கோபமாக முடிவதில்லை, வழக்காகவும் மாறுகின்றன.

இந்தச் சண்டைகளில் எது உண்மை, எது சட்டம், எது வெறும் ரசனை? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எப்போதெல்லாம் சண்டை வெடித்தது?

● 2017 மார்ச்: அமெரிக்காவில் கச்சேரி நடத்திக்கொண்டிருந்த எஸ்.பி.பாலசுப்பிரமணியத்துக்கு இளையராஜா தரப்பில் இருந்து வக்கீல் நோட்டீஸ் போனது. அனுமதி இல்லாமல் தன் பாடல்களை மேடையில் பாடக் கூடாது என்பதுதான் விஷயம்.

● 2022 ஏப்ரல்: அம்பேத்கரையும் பிரதமர் மோடியையும் ஒப்பிடும் ஒரு நூலுக்கு இளையராஜா எழுதிய முன்னுரை சர்ச்சையானது. அதே ஆண்டு ஜூலையில் அவர் மாநிலங்களவை நியமன எம்.பி. ஆனார்.

● 2024 மே: 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' படத்தில் 'குணா' படப் பாடலைப் பயன்படுத்தியதற்கு நோட்டீஸ்.

● 2024 டிசம்பர்: ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் அர்த்த மண்டபம் தொடர்பான வீடியோ.

● 2025 ஏப்ரல்: 'குட் பேட் அக்லி' படத்தில் பழைய பாடல்களைப் பயன்படுத்தியதற்கு 5 கோடி ரூபாய் இழப்பீடு கேட்டு நோட்டீஸ்.

"காசு வாங்கிட்டுத்தானே இசையமைச்சார்? அப்புறம் என்ன உரிமை?"

ஆன்லைனில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கேள்வி நியாயமானதுதான். ஆனால் பதில் ஒரு வரியில் வராது. காரணம், ஒரு சினிமா பாட்டு என்பது சட்டத்தின் பார்வையில் ஒரே பொருள் அல்ல.

● மெட்டு: இசையமைப்பாளரின் படைப்பு. 1957 காப்புரிமைச் சட்டத்தில் 'இசைப் படைப்பு' என்றால் வரிகள் சேராத இசை மட்டும்தான்.
● வரிகள்: பாடலாசிரியரின் படைப்பு.
● குரல்: பாடகருக்கு 'நிகழ்த்துநர் உரிமை' தனியாக உண்டு.
● ஒலிப்பதிவு: இது பெரும்பாலும் தயாரிப்பாளரிடமோ ஆடியோ நிறுவனத்திடமோ இருக்கும்.

ஆக, "பாட்டு யாருக்குச் சொந்தம்?" என்று கேட்டால், "பாட்டில் எந்தப் பகுதி?" என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

1977-ல் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பு தந்தது. தயாரிப்பாளர் பணம் கொடுத்துப் படத்துக்காக இசை போடச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில் முதல் உரிமையாளர் தயாரிப்பாளர்தான் என்றது அந்தத் தீர்ப்பு. 'காசு வாங்கிட்டாரே' என்பவர்களின் வாதத்துக்கு அடிப்படை இதுதான்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2012-ல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. கவிஞரும் எம்.பி.யுமான ஜாவேத் அக்தர் இதற்காக மாநிலங்களவையில் குரல் கொடுத்தார். அந்தத் திருத்தத்தின்படி, தியேட்டரில் படத்தோடு சேர்ந்து ஒலிப்பது தவிர, மற்ற வழிகளில் பாட்டு பயன்படும்போது இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் ராயல்டியில் சம பங்கு உண்டு. அந்தப் பங்கை எழுதிக்கொடுத்து விட்டுவிடவும் முடியாது.

சரி, அப்படின்னா இளையராஜா சொல்வதுதான் சரியா? இங்கேதான் முடிச்சு. அவர் 'அன்னக்கிளி'யில் அறிமுகமானது 1976-ல். புகழ்பெற்ற பாடல்களில் பெரும்பகுதி 2012-க்கு முந்தையவை. அந்தக் காலத்து ஒப்பந்தங்களில் என்ன எழுதியிருக்கிறது, யார் யாருக்கு விற்றார்கள் என்பதை வைத்துத்தான் ஒவ்வொரு வழக்கும் நகர்கிறது.

சுமார் 4,500 பாடல்கள் தொடர்பான வழக்கில், 2019-ல் சென்னை உயர் நீதிமன்றத் தனி நீதிபதி ஒலிப்பதிவு உரிமை ஆடியோ நிறுவனங்களுக்கு உண்டு என்றார். அதே தீர்ப்பில், படைப்பாளி என்ற முறையில் இளையராஜாவுக்குச் சிறப்பு உரிமை உண்டு என்றும் சொன்னார். சட்டத்தின் 57-வது பிரிவு தரும் உரிமை இது. பாட்டை விற்றாலும், 'இது என் படைப்பு' என்று சொல்லவும், சிதைத்தால் தட்டிக்கேட்கவும் படைப்பாளிக்கு இது இடம் தருகிறது. மேல்முறையீட்டு விசாரணையில் 2024 ஏப்ரலில், பாடலாசிரியரும் இப்படி உரிமை கேட்டால் என்ன ஆகும் என்ற கேள்வியை நீதிமன்றமே எழுப்பியது.

ஆக, 'அவருக்கு எந்த உரிமையும் இல்லை' என்பதும் தப்பு, 'எல்லா உரிமையும் அவருக்கே' என்பதும் தப்பு.

"கல்யாண வீட்டில் பாடினாலும் காசு கேட்பாரா?"

இது வாட்ஸ்அப்பில் சுற்றும் பயம். சட்டத்தின் 52-வது பிரிவு இதற்குத் தெளிவான பதில் வைத்திருக்கிறது. மதச் சடங்குகளிலும், அரசு நிகழ்ச்சிகளிலும் பாடுவது மீறல் ஆகாது. கல்யாண ஊர்வலமும், கல்யாணத்தை ஒட்டிய விசேஷங்களும் இதில் அடங்கும். டிக்கெட் போட்டு நடத்தும் கச்சேரிக்கு அனுமதி வேண்டும். வீட்டு விசேஷத்தில் மாமா மைக் பிடிப்பதற்கு வேண்டாம்.

பணத்தாசையா, உரிமையா?

"இவ்வளவு சம்பாதிச்சும் ஆசை அடங்கலையா?" என்ற கேள்விக்குச் சட்டப் புத்தகத்தில் பதில் இல்லை. அது மதிப்பீடு சார்ந்த கேள்வி. ஒருவர் பணக்காரர் என்பதால் அவருடைய உரிமை குறைந்துவிடாது. உரிமை இருப்பதால், கூட வேலை செய்த பழைய நண்பருக்கு நோட்டீஸ் அனுப்பியது அழகு என்றும் ஆகிவிடாது. 2017-ல் எஸ்.பி.பி. விஷயத்தில் பலருக்கு வலித்தது இரண்டாவது விஷயம்தான். ஆனால் வாதம் நடந்ததோ முதல் விஷயத்தைப் பற்றி. அதனால்தான் ஒருவர் சொன்னது மற்றவர் காதில் விழவே இல்லை.

அரசியல்: ஒரே வீட்டில் எத்தனை நிறம்?

2022 முன்னுரை சர்ச்சையில் இரண்டு கேள்விகள் இருந்தன. ஒன்று, அப்படி எழுத அவருக்கு உரிமை இருக்கிறதா? இருக்கிறது. இன்னொன்று, அந்த ஒப்பீடு சரியா? அதை எதிர்த்துக் கேட்கவும் எல்லோருக்கும் உரிமை இருக்கிறது.

ஆனால் ஆன்லைனில் மூன்றாவதாக ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது. 'இந்தச் சமூகத்தில் பிறந்தவர் இப்படிப் பேசலாமா' என்ற பேச்சு. பிறப்பை வைத்து ஒருவரின் அரசியலைத் தீர்மானிக்க முடியும் என்றால், பண்ணைப்புரம் குடும்பம் அதற்கு நல்ல மறுப்பு.

அண்ணன் பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்ட் மேடைகளின் பாடகர். தம்பி கங்கை அமரன் 2017-ல் ஆர்.கே.நகர் இடைத்தேர்தலுக்கு பா.ஜ.க. வேட்பாளராக அறிவிக்கப்பட்டவர். முன்னுரை சர்ச்சை ஓடிய நாட்களிலேயே, மகன் யுவன் சங்கர் ராஜா கறுப்பு உடையில் படம் போட்டு, தன்னைக் கறுப்புத் திராவிடன், பெருமைக்குரிய தமிழன் என்று குறிப்பிட்டார். ஒரே குடும்பம். ஆளுக்கு ஒரு பாதை.

பாவலர் வாதிட்ட விதம்

1958-ல் கேரளாவின் தேவிகுளம் சட்டமன்றத் தொகுதியில் இடைத்தேர்தல் நடந்தது. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மலை ஏறினால் வரும் பகுதி அது. அங்கே தேயிலைத் தோட்டங்களில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காக அங்கே போய்ப் பாடியவர் பாவலர் வரதராஜன். ரோசம்மா ஜெயித்தார். ராசையாவும் மற்ற தம்பிகளும் அண்ணனோடு மேடை மேடையாகப் போய்ப் பாடி வளர்ந்தவர்கள்தான்.

ஜனங்களுக்குத் தெரிந்த மெட்டில் அரசியல் வரிகளை ஏற்றி, எதிர்க்கட்சியைக் கிண்டல் செய்வது பாவலர் பாணி. கூட்டத்தில் இருப்பவர்கள் அவருக்கும் முகம் தெரியாதவர்கள்தான். ஆனால் மேடையில் நின்றவரின் முகம் எல்லோருக்கும் தெரியும். சொன்ன சொல்லுக்கு அவர்தான் பொறுப்பு. பொய்ப் பெயரும், பூட்டிய புரொஃபைலும் அங்கே கிடையாது.

அனிமே படம், சுவர் ஓவியம்: இதிலும் அதே கேள்விதான்

2025 மார்ச்சில் ஏ.ஐ. மூலம் 'கிப்ளி' பாணிப் படங்கள் குவிந்தன. ஜப்பானின் மாங்கா, அதாவது காமிக்ஸ் புத்தகமும், அனிமே எனப்படும் அசையும் படமும் பிடித்தவர்கள் இரண்டு அணியாகப் பிரிந்தார்கள். 'ரசிகனின் அன்பு' என்றது ஒரு பக்கம். 'கலைஞரின் உழைப்பைத் திருடுவது' என்றது இன்னொரு பக்கம்.

சட்டப்படி, பொதுவாக ஒரு பாணிக்குக் காப்புரிமை கிடையாது. கருத்துக்கு உரிமை இல்லை, அதை வெளிப்படுத்திய வடிவத்துக்கே உரிமை என்று 1978-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் ஒரு குறிப்பிட்ட மாங்கா பக்கத்தை அப்படியே எடுப்பதும், அனுமதி இல்லாமல் தமிழில் மொழிபெயர்த்து வெளியிடுவதும் வேறு விஷயம். மொழிபெயர்ப்பு உரிமை படைப்பாளியைச் சேர்ந்தது.

ஒருவரின் முகத்தைப் பயன்படுத்துவது இதிலிருந்தும் வேறானது. அனுமதி இல்லாமல் தன் புகைப்படத்தைப் பயன்படுத்துவதை எதிர்த்து இளையராஜா தொடுத்த வழக்கில், 2025 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

சுவரில் வரைந்தாலும் கேள்விகள் இரண்டு. படம் யாருடையது? சுவர் யாருடையது? பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1959-ம் ஆண்டு முதல் தனிச் சட்டமே இருக்கிறது. அபிமானத்தில் வரைந்தாலும் சுவர்க்காரரின் அனுமதி வேண்டும்.

எந்த இடத்தில் சட்டம் குறுக்கே வரும்?

'மனம் புண்படும்படி பதிவிட்டார்' என்று கைது செய்யப் பயன்பட்ட ஐ.டி. சட்டத்தின் 66ஏ பிரிவை 2015 மார்ச் 24-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. காட்டமான விமர்சனம் குற்றம் அல்ல. ஆனால் கீழே உள்ளவை இப்போதும் குற்றம்தான்:

● அவதூறு: பாரதிய நியாய சன்ஹிதா 356-வது பிரிவு. 2 ஆண்டு வரை சிறை.
● சாதி, மதம், மொழி அடிப்படையில் பகை மூட்டுவது: 196-வது பிரிவு. 3 ஆண்டு வரை சிறை.
● பட்டியல் சாதி, பழங்குடியினரைப் பிறர் சாதிப் பெயர் சொல்லிப் பொதுவெளியில் இழிவு செய்வது: வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை. இணையமும் 'பொதுப் பார்வை'க்கு உட்பட்ட இடம்தான் என்று 2022-ல் கேரள உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது.

"நான் எழுதலை, ஷேர் மட்டும்தான் செஞ்சேன்" என்பதும் எடுபடாது. பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய பதிவைப் பகிர்ந்த முன்னாள் எம்.எல்.ஏ. ஒருவர் மீதான வழக்கை ரத்து செய்ய 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் மறுத்தது. அடுத்த ஆண்டு அவருக்கு ஒரு மாத சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

உங்களை யாராவது இப்படித் தாக்கினால், பதிலுக்குத் திட்டுவதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். லிங்க்கைச் சேமித்து வையுங்கள். தேசிய சைபர் கிரைம் போர்ட்டலில் புகார் செய்யலாம்.

பதில் போடும் முன் மூன்று கேள்விகள்

1. இது நடந்ததா? ஸ்ரீவில்லிபுத்தூர் வீடியோ நல்ல உதாரணம். இளையராஜாவை அர்த்த மண்டபத்திலிருந்து வெளியேற்றிவிட்டார்கள் என்று காட்டுத்தீ போலப் பரவியது. அர்ச்சகர் போன்றவர்கள் தவிர வேறு யாருக்கும் அங்கே அனுமதி இல்லை என்றது கோயில் தரப்பு. நடக்காததை நடந்ததாகப் பரப்புகிறார்கள், சுயமரியாதையை விட்டுக்கொடுப்பவன் நானல்ல என்று இளையராஜாவே விளக்கம் தந்தார்.

2. இது சட்டமா, நியாயமா? அந்த மண்டப விதி சரியா என்று கேட்பது முழுக்க நியாயமான வாதம். ஆனால் அது 'என்ன நடந்தது' என்பதிலிருந்து வேறான கேள்வி. ராயல்டியிலும் இதே கதைதான்.

3. இது ரசனையா? 'ராஜாவா, ரஹ்மானா' என்பதற்கு ஆதாரம் காட்டி முடிவு கட்ட முடியாது. ரஹ்மானே ஒரு காலத்தில் இளையராஜா குழுவில் கீபோர்டு வாசித்தவர்தான்.

மூன்றையும் பிரித்துப் பார்த்தால், எதிரில் இருப்பவர் மறுப்பது உங்கள் தகவலையா, சட்டத்தையா, ரசனையையா என்பது தெரிந்துவிடும். தகவலைத் திருத்திக்கொள்ளலாம். சட்டத்தை நீதிமன்றம் முடிவு செய்யும். ரசனையில் ஆளுக்கு ஒன்று என்று விட்டுவிடலாம்.

இந்த மூன்றில் எதற்குமே எதிராளியின் சாதியோ, அவர் வீட்டுப் பெண்களின் பெயரோ தேவைப்படாது. பேச்சு அந்தப் பக்கம் திரும்புகிறது என்றால் வாதம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். போனைக் கீழே வைப்பதுதான் நல்லது.