அரைவளையப் பாம்பும் வளையமில்லாப் பாம்பும்: சொனோரா செமியானுலாட்டாவின் வகைப்பாட்டில் நிறத்தின் இடம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்கு வறள்நிலங்களிலும் வட மெக்சிகோவிலும் கற்களுக்கடியிலும் பொலபொலத்த மண்ணிலும் மறைந்து வாழ்ந்து, தேள், சிலந்தி, பூரான் முதலியவற்றை உண்ணும், அரை மீட்டர் நீளத்தையும் எட்டாத தரைப்பாம்பு ஒன்றுக்கு 1853இல் பேர்டு, ஜிரார்டு ஆகிய இருவரும் சொனோரா செமியானுலாட்டா எனப் பெயரிட்டனர். பின்சொல்லாகிய சிற்றினப் பெயருக்கு 'அரைவளையம் உடையது' என்பது பொருள். ஆனால் இச்சிற்றினத்தைச் சேர்ந்த பாம்புகள் பல வளையம் ஏதுமின்றி ஒரே நிறத்தில் இருக்கின்றன. சிலவற்றின் முதுகில் நீளவாக்கில் செங்கோடு மட்டும் ஓடுகிறது. சிலவற்றில் குறுக்குக் கரும்பட்டைகள் மட்டும் உள்ளன. இரண்டும் சேர்ந்தவையும் உண்டு. பெயரை நம்பி வளையத்தைத் தேடுபவர் இவற்றுள் பலவற்றை வேறு பாம்பென்றே கருதுவார்.

இவ்வேறுபாடு சிற்றின எல்லையைக் காட்டுவதன்று. சிவப்பும் கறுப்பும் ஒன்றோடொன்று பிணைப்பில்லாத இரு மரபணு இடங்களால் தனித்தனியே கடத்தப்படுகின்றன என்பதை டேவிஸ் ரபோஸ்கியும் உடனாய்வாளர்களும் 2016இல் காட்டினர். செங்கோடு உண்டா இல்லையா, கரும்பட்டை உண்டா இல்லையா என்னும் இரு கேள்விகளின் விடைகள் கூடும்போது நான்கு தோற்றங்கள் பிறக்கின்றன. ஒரே தாயின் முட்டைகளிலிருந்தே வெவ்வேறு கோலத்துக் குட்டிகள் வெளிவரக்கூடும். இரு நிறங்களும் ஒருங்கே அமைந்த பாம்பு நஞ்சுள்ள பவளப்பாம்பை ஒத்திருக்கிறது. நஞ்சற்ற உயிர் நஞ்சுள்ளதன் சாயலால் பகையிடமிருந்து தப்புவதாகிய ஒப்புப்போலி இங்குத் தொழிற்படுவதாகக் கருதப்படுகிறது. கொன்றுண்ணிகளை ஏமாற்றும் ஒரு பண்பை வகைப்பாட்டாளர் முதற்சான்றாகக் கொள்வது பொருந்தாது.

அடையாளத்தைச் செதில்களிலேயே தேட வேண்டும். முதுகுச் செதில்கள் மேடின்றி வழவழப்பானவை; நடுவுடலில் பொதுவாக 13 முதல் 15 வரிசைகளாக அமைபவை; கழிவாயை மூடும் செதில் இரண்டாகப் பிளந்தது. நாசிச் செதிலுக்கும் கண்முன் செதிலுக்கும் நடுவே லோரியல் எனப்படும் சிறு செதில் இருப்பது, அச்செதில் இல்லாத கருந்தலைப் பாம்புகளாகிய தான்டில்லாவிலிருந்து இதைப் பிரிக்கிறது. நிறம் இங்கும் முற்றிலும் பயனற்றதன்று. பக்கச் செதில்களின் அடியில் காணப்படும் கருமை, ஒரே நிறப் பாம்புகளிலும் துணைச்சான்றாக உதவுகிறது.

அடையாளம் காண்பது ஒரு வேலை, உறவுமுறையை வகுப்பது வேறொரு வேலை. இரண்டையும் ஒன்றெனக் கொண்டதால் விளைந்த குழப்பம் சிறிதன்று. 1859இல் கென்னிகாட் விவரித்த எபிஸ்கோபா நெடுங்காலம் தனிச் சிற்றினமாக எண்ணப்பட்டது. 1979இல் ஃப்ராஸ்ட், வான் டெவெண்டர் இருவரும் அதனைச் செமியானுலாட்டாவுடன் ஒன்றாக்கினர். 2018இல் காக்ஸ் குழுவினர் அதை மீண்டும் பிரித்தனர். அதே ஆய்வு கியோனாக்டிஸ், கைலோமெனிஸ்கஸ் ஆகிய பேரினங்களைச் சொனோராவுக்குள் அடக்கியது. அவற்றை வெளியே நிறுத்தினால் சொனோரா ஒரு மூதாதையின் வழித்தோன்றல்கள் அனைத்தையும் கொண்ட குழுவாக அமையாது. மூன்றனுள் மூத்த பெயரும் சொனோராவே என்பதால், முந்திய பெயரே நிலைக்கும் என்னும் பெயரீட்டு விதிப்படி அதுவே எஞ்சியது.

பேரின இணைப்பை ஏற்பதில் தடையில்லை. எபிஸ்கோபாவின் மீட்சியோ வேறொரு கேள்வியை எழுப்புகிறது. பிரிவு மரபுவழிச் சான்றால் நிற்கலாம்; ஆனால் கையிலிருக்கும் பாம்பு எபிஸ்கோபா வாழும் சமவெளியில் பிடிபட்டது என்பதைக் கொண்டே அதற்குப் பெயர் சூட்டினால், அங்கே பெயரிட்டது நிலப்படமேயன்றி உடலன்று. எனவே அருங்காட்சியகச் சீட்டுகளில் பிடிபட்ட இடம், செதில் எண்ணிக்கை, நிறக்கோலம் ஆகிய மூன்றையும் தனித்தனியே பதிந்து, சிற்றினப் பெயர் இவற்றுள் எதனால் முடிவானது என்பதையும் அருகே குறிப்பது இனி கட்டாயமாக வேண்டும்.