சோழமண்டலக் கரையின் பொருளியல் வரலாற்றெழுத்து

தெற்கே கோடியக்கரை தொடங்கி வடக்கே கிருஷ்ணா, கோதாவரிக் கழிமுகங்கள் வரை நீளும் வங்கக் கடலோரப் பகுதி சோழமண்டலக் கரை எனப்படும். இந்தியக் கடலோரங்களுள் வணிக வரலாறு மிகுதியாக எழுதப்பட்டவற்றுள் இது ஒன்று. ஆயினும் அவ்வெழுத்தின் பெரும்பகுதி, துணி வாங்க வந்தவர்களின் கணக்கேடுகளிலிருந்து எழுந்தமையால், ஏற்றுமதிக்குச் சென்ற சரக்கு துலக்கமாகவும், கரையிலேயே விளைந்து கரையிலேயே செலவானவை மங்கலாகவும் அதில் தெரிகின்றன.

பழங்கால வணிகத்துக்கான சான்றுகள் அகழாய்விலும் கல்வெட்டிலும் கிடைத்தவை. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் மார்ட்டிமர் வீலர் 1945இல் நடத்திய அகழாய்வு, காலம் தெரிந்த உரோமானியப் பானையோடுகளைக் கொண்டு தென்னிந்தியத் தொல்லியலுக்கே ஒரு காலக் கணக்கை வகுத்துத் தந்தது. அதே வேளையில், அவ்வூரை உரோமானியரின் வணிகத் தளமாகக் காணும் பழக்கத்தையும் விட்டுச் சென்றது. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி மேற்கொண்ட மறு அகழாய்வு, உரோமானிய வணிகத்துக்கு முன்பும் பின்பும் அங்கு மக்கள் வாழ்ந்ததை நிறுவிய பின்னரே, வெளியார் வருகையைக் கொண்டு உள்ளூரின் காலத்தை அளக்கும் போக்கு தளர்ந்தது.

இடைக்காலத்துக்குக் கல்வெட்டுகள் வலுவான சான்று. சுமத்திராவின் பாருசில் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டை நீலகண்ட சாஸ்திரி 1932இல் ஆராய்ந்து, ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு கடல் கடந்து இயங்கியதை விளக்கினார். நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரைக்கு ஆனைமங்கலம் என்னும் ஊர் அளிக்கப்பட்டதைக் கூறும் லெய்டன் செப்பேடுகள், சோழ அரசுக்கும் சுமத்திராவை மையமாகக் கொண்ட ஸ்ரீவிஜய அரசுக்கும் இருந்த தொடர்பைக் காட்டுகின்றன. எனினும், கோயிலுக்கோ விகாரைக்கோ கொடை அளித்தவரையே கல்வெட்டு பெரும்பாலும் நினைவில் வைக்கிறது. கொடை கொடுக்காத சிறு வணிகரும் படகோட்டியும் அதில் இடம்பெற வாய்ப்புக் குறைவு.

பதினேழாம் நூற்றாண்டில் நிலைமை தலைகீழாக மாறியது. ஒல்லாந்தர் 1610இல் பழவேற்காட்டிலும், ஆங்கிலேயர் 1611இல் மசூலிப்பட்டினத்திலும், டேனியர் 1620இல் தரங்கம்பாடியிலும் காலூன்றினர். சென்னை 1639இலும், பிரெஞ்சுப் புதுச்சேரி 1674இலும் தோன்றின. ஒவ்வொரு பண்டகசாலையும், அதாவது கம்பெனியின் கொள்முதலிடமும் கிடங்கும் சேர்ந்த நிலையம், தலைமையகத்துக்கு ஓயாது கடிதமும் கணக்கும் அனுப்பியது. தபன் ராய்சௌதுரி 1962இல் வெளியிட்ட நூல் டச்சு ஆவணங்களைக் கொண்டு, இக்கரையின் துணி இல்லாமல் இந்தோனேசியத் தீவுகளின் வாசனைப் பொருள்களை ஒல்லாந்தரால் எளிதில் வாங்க முடியாதிருந்தது என்பதைத் தெளிவாக்கியது. யாழ்ப்பாணத்தில் பிறந்த சின்னப்பா அரசரத்தினம் 1986இல் எழுதிய நூல், 1650 முதல் 1740 வரையிலான உள்ளூர் வணிகரை மையத்துக்குக் கொண்டுவந்தது. சஞ்சய் சுப்ரமணியம் 1990இல் போர்த்துகீசிய ஆவணங்களையும் சேர்த்து, வணிகமும் அரசாட்சியும் தனித்தனி உலகங்களாக இருக்கவில்லை எனக் காட்டினார். இவர்களின் உழைப்பால்தான், ஐரோப்பியர் வருமுன் ஆசிய வணிகம் சில்லறை வியாபாரிகளின் அலைச்சலாகவே இருந்தது என்ற டச்சு வரலாற்றாசிரியர் வான் லேயரின் கருத்து இக்கரையைப் பொறுத்தவரை செல்வாக்கிழந்தது.

நெசவாளரைப் பற்றிய விவாதம் இன்னும் கூர்மையானது. விஜயா ராமசாமி 1985இல் கல்வெட்டுகளிலிருந்து கைக்கோளர், சாலியர் முதலிய நெசவுச் சமூகங்களின் நிலையை எழுதினார். பிரசன்னன் பார்த்தசாரதி 2001இல், பதினெட்டாம் நூற்றாண்டின் தென்னிந்திய நெசவாளர் முன்பணத்தைத் திருப்பித் தந்துவிட்டு வேறு வணிகரிடம் செல்லும் உரிமை உடையவராய் இருந்தனர் என்றும், ஆங்கிலக் கம்பெனி அரசதிகாரம் பெற்ற பிறகே அவ்வுரிமை ஒடுக்கப்பட்டது என்றும் வாதிட்டார். அவர்களுடைய உண்மைக் கூலி பிரித்தானியக் கூலிக்கு ஒப்பானது என்ற அவரது கணிப்பைப் பிராட்பெரி, குப்தா போன்றோர் மறுத்துள்ளனர். இரு தரப்பும் தறியில் இருந்தவரின் கூலியைப் பற்றியே வழக்காடுகின்றன. ஒரு தறிக்கு வேண்டிய நூலைத் தர வீட்டிலிருந்த பெண்கள் பலர் நூற்க வேண்டியிருந்தது என்பதும், அவர்களுக்குக் கம்பெனி நேரடியாக முன்பணம் தராததால் ஏடுகளில் அவர்கள் தனிக் கணக்காக வரவில்லை என்பதும் போதிய அழுத்தம் பெறவில்லை.

உள்ளூர்க் கையெழுத்தில் உள்ள சான்றுகளும் இல்லாமலில்லை. புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளரும் வணிக முகவருமாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் எழுதிய நாட்குறிப்பு, கப்பல் வரவையும் சரக்கு விலையையும் கடன் வழக்குகளையும் உள்ளிருந்து காட்டுகிறது. தஞ்சை மராத்தியர் ஆட்சியின் மோடி எழுத்து, அதாவது மராத்தி மொழியை எழுதப் பயன்பட்ட ஒரு வரிவடிவ, ஆவணங்களும் உள்ளன. ஆயினும் டச்சு மொழி கற்று ஹேக் நகர ஆவணக் காப்பகத்துக்குச் சென்ற ஆய்வாளர் அளவுக்கு மோடி எழுத்தைக் கற்ற பொருளியல் வரலாற்றாசிரியர் உருவாகவில்லை. பரங்கிப்பேட்டை, நாகூர் ஊர்களின் மரைக்காயர் எனப்படும் முஸ்லிம் வணிகரின் கப்பல்களைக்கூட, அவர்களோடு போட்டியிட்ட கம்பெனிகளின் புகார்க் கடிதங்கள் வழியாகவே பெரிதும் அறிய நேர்கிறது.

உப்பும் மீனும் இவ்வரலாற்றின் பெரிய இடைவெளி. கரையோர மக்களுள் பெரும்பாலோர் துணியால் வாழவில்லை. கடலாலும் உப்பளத்தாலும் வாழ்ந்தனர். 1805இல் சென்னை மாகாணத்தில் உப்பு அரசின் முற்றுரிமை ஆனதும் உப்பளம் ஆவணத்தில் விரிவாக இடம்பெற்றது. பின்னர், மீனை உலர்த்திப் பதப்படுத்தச் சலுகை விலையில் உப்பு வழங்கும் அரசு நிலையங்கள் ஏற்பட்டபோது, கருவாடும் கணக்குக்குள் வந்தது. மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் சங்கு குளித்தலையும் கட்டுமரம், தோணி ஆகியவற்றின் அமைப்பையும் நுட்பமாக எழுதினார். ஆனால் அவை மானிடவியல் நூல்களாகவே வாசிக்கப்பட்டன. அரசுக்கு வருவாய் கிடைத்த இடத்தில் மட்டுமே மீனவர் பொருளியல் மனிதராகத் தெரிவது, சான்றுகளின் இயல்பால் மட்டும் நேர்ந்ததன்று. வரலாற்றாசிரியரின் தேர்வும் அதில் உண்டு.

அடிமை வணிகம் வேறுவகையான மௌனம். பஞ்சமும் போரும் நேர்ந்த ஆண்டுகளில், குறிப்பாகத் தஞ்சைப் பகுதி சீரழிந்த 1659–61இல், தம்மையோ பிள்ளைகளையோ விற்றவர்களை ஒல்லாந்தர் இலங்கைக்கும் ஜாவாவிலுள்ள பத்தாவியாவுக்கும் கொண்டு சென்றனர். துணி மூட்டைகள் பதிவான அதே ஆவணத் தொகுதிகளில் இதற்கும் சான்று இருந்தும், துணி வணிகத்தின் வரலாற்றில் இது நெடுங்காலம் ஓர் அடிக்குறிப்பாகவே இருந்தது.

காலப் பகுப்பிலும் ஒரு முறிவு உண்டு. 1800ஐத் தாண்டியதும் வரலாற்றெழுத்து நிலவரிக்கும் ரயத்துவாரிக்கும், அதாவது உழவரிடமே நேராக வரி பெறும் முறைக்கும் திரும்பிவிட, கரை ஒரு தனிப் பொருளியல் வட்டாரமாகவே மறைகிறது. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குத் தொழிலாளர் கப்பலேறிய வரலாறு, 1938இல் உதவிபெற்ற குடிபெயர்வை இந்திய அரசு தடை செய்தது வரை, மலாயாத் தோட்டங்களின் வரலாறாகவே பெரிதும் எழுதப்பட்டது. சுனில் அம்ரித் 2013இல் வெளியிட்ட நூல் வங்கக் கடலின் இரு கரைகளையும் ஒரே வரலாற்றில் சேர்த்தது. அது கப்பலேறியவர்களைப் பின்தொடரும் நூல். செயற்கைத் துறைமுகம் எழும்வரை சென்னையில் ஆளையும் சரக்கையும் அலை தாண்டி ஏற்றி இறக்கிய மசூலாப் படகோட்டிகளின் கூலியும் கடனும் வேறொரு நூலுக்கு உரியவை.