கடலைத் தொட்டியில் வளர்த்த பெண்கள்

இந்த மலரில் தையல், கறவை மாடு, காளான், மசாலாப் பொடி என்று அக்காமார் பலர் எழுதியிருப்பார்கள். நான் எழுதப்போவது பவளம் வளர்த்த கதை. மோதிரத்தில் பதிக்கிற பவளம் இல்லை. கடலுக்கடியில் உயிரோடு இருக்கிற பவளம், கடல் சாமந்தி, சின்ன இறால் இதுகளைக் கண்ணாடித் தொட்டியில் வைத்து வளர்த்தவர்களின் கதை.

கம்பம் பள்ளத்தாக்கில் இருந்துகொண்டு இதை எதுக்கு எழுதணும்? எங்கள் குழுவில் ஒரு தங்கச்சி, கடன் எடுத்துக் கடல் தொட்டித் தொழில் பண்ணலாமான்னு கேட்டாள். யாருக்கும் பதில் தெரியல. நான் நூலகத்திலும் போனிலும் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, இதில் பாதி நம்மள மாதிரிப் பெண்கள் கதையா இருந்தது.

முதல் ஆள் ஒரு தையல்காரி. பேரு ஜீன் வில்ப்ரூ. 1794-ல் பிரான்சில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். 18 வயசில் பாரிஸ் போய்த் தையல் வேலை பார்த்தார். இளவரசி ஒருவருக்குக் கல்யாண உடுப்பு தைத்துப் பேர் வாங்கினார். கல்யாணமாகி இத்தாலி பக்கம் சிசிலித் தீவுக்குப் போனார். அங்கே பேய்க்கணவாய் இனத்தில் ஆர்கோனாட் என்று ஒரு உயிர், மெல்லிசான ஓட்டுக்குள்ளே இருக்கும். அந்த ஓட்டை அது தானே செய்யுதா, இல்லை வேற பிராணியோடதைத் திருடுதா என்று படித்தவர்களுக்குள்ளே பெரிய சண்டை. செத்த உடம்பைப் பாட்டிலில் வைத்துப் பார்த்தால் எப்படித் தெரியும்? 1832 வாக்கில் இந்த அம்மா கண்ணாடித் தொட்டி செய்து கடல் தண்ணீர் ஊற்றி, அதை உயிரோடு வைத்துப் பார்த்தார். ஓட்டில் கொஞ்சம் உடைத்துவிட்டால் அதுவே ஒட்டுப் போட்டுக்கொண்டது. சண்டை முடிந்தது.

பவளத்தை வீட்டில் வளர்த்தவர் அன்னா தைன் என்கிற ஆங்கிலேய அம்மா, ஒரு பாதிரியாரின் மனைவி. பவளம் செடியும் இல்லை, வெறும் கல்லும் இல்லை. தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்புச் சத்தை எடுத்துத் தானே கல்வீடு கட்டிக்கொள்கிற பிராணி. 1846-ல் கடலோரம் போன அன்னா, பவளங்களை ஜாடியில் போட்டு லண்டனுக்குக் கொண்டுவந்தார். ஆடாமல் இருக்க, ஊசி நூலால் ஒரு பஞ்சில் சேர்த்துத் தைத்துவிட்டார்! ஆனால் லண்டனில் கடல் தண்ணீருக்கு எங்கே போவது? இருக்கிற தண்ணீரையே காற்றோட்டமான ஜன்னல் பக்கம் வைத்து, ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்றினார்கள். டீக்கடையில் ஆத்துவாங்கல்ல, அப்படி. தினமும் அரை மணி, முக்கால் மணி நேரம். தண்ணீருக்குள் காற்று சேர்ந்தால்தான் உயிர் பிழைக்கும். பிறகு கடல்பாசியும் சேர்த்தார். பாசி வெளிச்சத்தில் காற்றைக் கொடுத்தது.

அந்தத் தண்ணீரை ஆத்தியது அன்னா இல்லை, வீட்டு வேலைக்கு இருந்த சின்னப் பெண். அவள் அதை விளையாட்டாகச் செய்ததாக அன்னா எழுதியிருக்கிறார். குடம் தூக்கிப் பழகிய நமக்கு அது விளையாட்டா இல்லையான்னு தெரியும். வரலாற்றில் அன்னாவின் பேர் இருக்கிறது, அந்தப் பிள்ளையின் பேரைக் காணோம். நம் தீர்மான நோட்டில் கைநாட்டு வைத்தவர் பேரைக்கூட எழுதாமல் விட மாட்டோம்.

நம்ம ஊர்ப் பக்கம் வருவோம். மெட்ராஸ் கடற்கரையில் 1909-லேயே கடல் மீன் காட்சிசாலை திறந்துவிட்டார்கள். அருங்காட்சியகத்தில் இருந்த எட்கர் தர்ஸ்டனின் யோசனை அது. ஜனங்கள் காசு கொடுத்துப் பார்த்தார்கள்.

ஆனால் நம் தமிழ்நாட்டுப் பவளத்தின் கதை தொட்டியில் இல்லை, சூளையில் இருக்கிறது. தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். சுற்றிலும் பவளப்பாறை. அதைக் கடப்பாறையால் பெயர்த்துப் படகில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் ஆலைக்கும் போனது. அலையைத் தடுத்த பாறை போனதும் மண் கரைந்தது. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்கிற ரெண்டு தீவுகள் தண்ணீருக்குள் போயே போச்சு. 1986-ல் அந்த இடத்தைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். 2001-ல் பவளத்தைப் புலி, யானையோடு சேர்த்து வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வைத்தார்கள். இப்போது நம் கடலிலிருந்து உயிர்ப் பவளம் எடுத்து வீட்டில் வைத்தால் ஜெயில்தான். கடைக்காரர் சொன்னார், எனக்குத் தெரியாது என்றால் செல்லாது. தங்கச்சிக்கு நான் சொன்ன முதல் பதில் இதுதான்.

ரெண்டாவது, செலவு. சமையல் உப்பைக் கரைத்தால் கடல் தண்ணீர் ஆகிவிடாது. லிட்டருக்கு 35 கிராம் உப்பு, அதிலும் கால்சியம், மெக்னீசியம் எல்லாம் அளவோடு இருக்கணும். தண்ணீர் வற்றினால் நல்ல தண்ணீர்தான் ஊற்றணும், உப்புத் தண்ணீர் ஊற்றக் கூடாது. குழம்பு சுண்டினால் உப்புக் கரிக்கிற கணக்குத்தான், உப்பு ஆவியாகிப் போகாது. சூடு 25, 26 டிகிரியில் நிற்கணும். நம்ம சித்திரை வெயிலில், கரண்ட் போனால் முடிந்தது.

இன்னொன்று படித்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. வெளிநாட்டில் தொட்டிப் பவளம் வளரச் சுண்ணாம்புத் தெளிவு ஊற்றுகிறார்கள். ஜெர்மன் மொழியில் கால்க்வாசர் என்று பேர், சுண்ணாம்புத் தண்ணீர் என்றுதான் அர்த்தம். சுண்ணாம்பைக் கலக்கி, அடியில் தங்கவிட்டு, மேலே தெளிந்ததை மட்டும் சொட்டுச் சொட்டாக ராத்திரியில் விடுவார்கள். மொத்தமாக ஊற்றினால் காரம் ஏறி எல்லாம் செத்துப்போகும். சின்னமனூர் வெற்றிலை போடுகிற என் அத்தையிடம் சொன்னேன். "பவளத்துக்கும் சுண்ணாம்பு கேக்குதாக்கும்" என்றார்கள். கேக்கத்தான் செய்யுது. பவளத்தைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கியவர்களும் மனுசங்கதான், சுண்ணாம்பு கொடுத்துப் பவளம் வளர்க்கிறவர்களும் மனுசங்கதான்.

இதைச் சட்டப்படி தொழிலாகச் செய்கிற பெண்களும் இருக்கிறார்கள். லட்சத்தீவில் அகத்தி என்று ஒரு தீவு. லக்னோவில் தலைமையகம் உள்ள தேசிய மீன் மரபு வளப் பணியகம் அங்கே ஒரு மையம் வைத்து, கடல் சாமந்தியோடு ஒட்டி வாழ்கிற அலங்கார இறால்களைக் குஞ்சு பொரிக்க வைத்தது. தீவுப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, குழு குழுவாகப் பிரித்து, அந்தக் குஞ்சுகளை வளர்க்கக் கொடுத்தார்கள். விற்கிற அளவுக்கு வளர்த்து எடுப்பது அவர்கள் வேலை. கடலில் பிடித்ததில்லை, தொட்டியில் பிறந்தது என்பதால் பவளப்பாறைக்குச் சேதம் இல்லை. அவர்களுக்குக் கடல் தண்ணீர் வாசலிலேயே இருக்கிறது. காலையில் தீனி போடணும், தண்ணீர் மாற்றணும், உப்பு அளவு பார்க்கணும், செத்ததை எடுத்துப் போடணும். இங்கே நாம் மாட்டுக்கொட்டம் பார்க்கிற நேரத்தில் அங்கே அவர்கள் தொட்டி பார்க்கிறார்கள்.