உறையிடப்பட்ட கேமராக்கள்: பர்மிங்ஹாம் நிகழ்வும் தஜஸ்ஸுஸ் பற்றிய ஃபிக்ஹு மரபும்

2010ஆம் ஆண்டின் கோடைகாலத்தில் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரிலுள்ள ஸ்பார்க்புரூக், வாஷ்வுட் ஹீத் ஆகிய பகுதிகளில் விந்தையான காட்சியொன்று காணப்பட்டது. புதிதாக நடப்பட்ட உயர்ந்த கம்பங்களில் பொருத்தப்பட்டிருந்த கண்காணிப்புக் கேமராக்களுக்குப் பிளாஸ்டிக் உறைகள் மாட்டப்பட்டிருந்தன. அவற்றை மாட்டச் செய்தவர்கள் அக்கேமராக்களை நிறுவிய அதிகாரிகளே. இவை எதையும் பார்க்கவில்லை என்று அப்பகுதி மக்களை நம்பவைப்பதற்கு வேறு வழி அவர்களிடம் எஞ்சியிருக்கவில்லை. தெருவைக் காக்கும் பொறுப்புடையவர் எதுவரை பார்க்கலாம், எதை எவ்வாறு பார்க்கலாம் என்பது நமது ஃபிக்ஹு நூல்கள் நெடுங்காலமாக ஆராய்ந்துவந்த கேள்வி. அக்கேள்வியின் துணையுடன் பர்மிங்ஹாம் நிகழ்வை மீண்டும் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிரிட்டனின் நகர மையங்களில் கேமராக்கள் பெருகிய வரலாறு நீண்டதன்று. 1985இல் போர்ன்மத் என்னும் கடற்கரை நகரில் பொது இடத்தைக் கண்காணிக்கும் அமைப்பு நிறுவப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டில் பிரைட்டன் நகரில் ஆளுங்கட்சி மாநாட்டு விடுதியில் குண்டு வெடித்ததன் நிழல் அம்முயற்சியின்மீது படிந்திருந்தது. 1993 பிப்ரவரியில் லிவர்பூலை அடுத்த பூட்டில் நகர வணிக வளாகமொன்றிலிருந்து இரண்டு வயதுக் குழந்தையைச் சிறுவர் இருவர் அழைத்துச் செல்லும் மங்கலான படம் நாடெங்கும் தொலைக்காட்சிகளில் திரும்பத் திரும்பக் காட்டப்பட்டது. அக்கேமரா குழந்தையின் உயிரைக் காக்கவில்லை. எனினும் கேமராக்கள் பெருகவேண்டும் என்ற பொதுக்கருத்தை அப்படம் வலுப்படுத்திற்று. 1994 முதல் 1999 வரை உள்துறை அமைச்சகம் 3 கோடியே 85 இலட்சம் பவுண்டு செலவில் 585 திட்டங்களுக்கு உதவியது. அடுத்த நான்கு ஆண்டுகளில் மேலும் 17 கோடி பவுண்டு ஒதுக்கப்பட்டது.

இச்செலவின் பயன் என்ன? 2002இல் வெல்ஷ், ஃபாரிங்டன் ஆகிய குற்றவியல் அறிஞர்கள் அதே அமைச்சகத்துக்காகச் செய்த தொகுப்பாய்வு, கேமராக்களால் குற்றங்கள் ஏறத்தாழ 4 விழுக்காடு மட்டுமே குறைந்ததாகக் கண்டது. அப்பயனும் பெரும்பாலும் வாகன நிறுத்துமிடங்களிலேயே தென்பட்டது. தெருவிளக்குகளை மேம்படுத்தியதால் விளைந்த குறைவு 20 விழுக்காடு என்று அதே அறிஞர்களின் இணையாய்வு கூறிற்று. ஆகவே, கேமரா பயனற்றது என்று சொல்வதற்கில்லை. அதன் பயன் இடத்தையும் நோக்கத்தையும் பொறுத்தது என்பதே அறிவியல் தரும் முடிவாகும்.

இப்பின்னணியிலேயே பர்மிங்ஹாம் திட்டம் உருவானது. அந்நகரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் முஸ்லிம் என்பதை 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு காட்டுகிறது. ஸ்பார்க்புரூக்கிலும் வாஷ்வுட் ஹீத்திலும் முஸ்லிம்களே பெரும்பான்மையினர். 2007 ஜனவரி இறுதியில், பிரிட்டிஷ் இராணுவத்தில் பணியாற்றிய முஸ்லிம் வீரர் ஒருவரைக் கடத்திக் கொல்லச் சதி செய்ததாகப் பர்மிங்ஹாமில் சிலர் கைது செய்யப்பட்டனர். சதித்தலைவர் பின்னர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். காவல்துறையின் அச்சம் வெறும் கற்பனையன்று என்பதை நாம் நேர்மையுடன் ஏற்கவேண்டும். ஆனால் அவ்வச்சத்துக்கு அவர்கள் கண்ட மருந்தே நம் ஆய்வுக்குரியது.

'சாம்பியன்' எனப் பெயரிடப்பட்ட அத்திட்டத்தின்படி இவ்விரு பகுதிகளிலும் 218 கேமராக்கள் நிறுவ ஏற்பாடாயிற்று. அவற்றுள் 72 கண்ணுக்குத் தெரியாதவாறு மறைத்து வைக்கப்படவேண்டியவை. பெரும்பாலானவை வாகனப் பதிவெண்களைத் தாமே வாசித்துப் பதியும் வகையைச் சேர்ந்தவை. இப்பகுதிகளுக்குள் நுழையும் சாலைகளும் வெளியேறும் சாலைகளும் வளையமிட்டாற்போல் கண்காணிப்புக்குள் வந்தன. லேடிபூல் சாலையில் உணவருந்த வருபவரும், ஆலம் ராக் சாலையில் துணி வாங்க வருபவரும், ஜுமுஆத் தொழுகைக்கு வருபவரும் ஒரே தரவகத்தில் பதிவாகியிருப்பர். செலவான 30 இலட்சம் பவுண்டும் பயங்கரவாதத் தடுப்பு நிதியிலிருந்து வந்தது. ஆயினும் நகரமன்ற உறுப்பினர்களிடமும் மக்களிடமும் சொல்லப்பட்ட காரணம் வேறு: வாகனத் திருட்டு, போதைப்பொருள் விற்பனை, தெருக்களில் நிகழும் ஒழுங்கீனம் ஆகியவற்றைத் தடுப்பதற்கான சமூகப் பாதுகாப்புத் திட்டம் என்றே அது அறிமுகப்படுத்தப்பட்டது.

2010 ஜூனில் நிதியின் மூலம் செய்தித்தாள் வழியே வெளிப்பட்டதும் கொந்தளிப்பு எழுந்தது. பொதுக்கூட்டங்கள் நடந்தன, மனித உரிமை அமைப்பான லிபர்ட்டி வழக்குத் தொடுக்கப்போவதாக எச்சரித்தது. தேம்ஸ் வேலி காவல்துறைத் தலைவர் சாரா தார்ன்டன் தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கை அவ்வாண்டு செப்டம்பர் இறுதியில் வெளியாயிற்று. திட்டம் சட்ட வரம்புகளுக்குள் அமைகிறதா என்பதில் போதிய கவனம் செலுத்தப்படவில்லை என்றும், மக்களின் நம்பிக்கை பெரிதும் சிதைந்துவிட்டது என்றும் அது கண்டித்தது. வெஸ்ட் மிட்லண்ட்ஸ் காவல்துறைத் தலைவர் மன்னிப்புக் கோரினார். 2011இல் கேமராக்கள் பயன்பாட்டுக்கு வராமலே கழற்றப்பட்டன.

இனி நம் மரபை நோக்குவோம். இஸ்லாமிய நகரங்களில் சந்தையையும் தெருவையும் கண்காணிக்கும் பொறுப்பு முஹ்தஸிபைச் சார்ந்திருந்தது. எடைக்கற்களைச் சரிபார்த்தல், கலப்படத்தைத் தடுத்தல், வழியை அடைக்கும் கட்டுமானங்களை அகற்றுதல் ஆகியன அவருடைய பணிகள். வெளிப்படையாகத் தென்படும் தீமையைப் பார்ப்பது அவருக்குக் கடமையே ஆகும். ஆகவே தெருவைப் பார்க்கும் கண் எதுவாயினும் தடுக்கப்பட்டதே என்று வாதிடுவதற்கு நம் மரபில் இடமில்லை.

தடுக்கப்பட்டது தஜஸ்ஸுஸ், அதாவது மறைந்திருப்பதைத் துருவித் தேடுதல். சூரா அல்-ஹுஜுராத்தின் 12ஆம் வசனம் இதனை வீண் சந்தேகத்துடனும் புறம்பேசுதலுடனும் சேர்த்துத் தடுக்கிறது. ஆட்சியாளர் மக்களிடையே ஐயத்துக்கான காரணங்களைத் தேடத் தொடங்குவாராயின் அவர்களைக் கெடுத்துவிடுவார் என்ற கருத்துடைய நபிமொழியை அபூதாவூத் பதிவு செய்துள்ளார். கலீஃபா உமர் (ரலி) இரவுக் காவலின்போது ஒரு வீட்டுச் சுவரேறி உள்ளிருந்தவரின் பாவத்தைக் கண்டித்ததும், தாம் செய்த தவறு ஒன்று, கலீஃபா செய்தவை துருவியது, வாசல் வழியே வராதது, ஸலாம் கூறாது நுழைந்தது என மூன்று என்று அவர் மறுமொழி கூறியதும், உமர் (ரலி) அதனை ஏற்று அவரை விட்டகன்றதும் அறநூல்களில் தொடர்ந்து சொல்லப்பட்டுவரும் செய்தியாகும். முஹ்தஸிப் பிறர் வீட்டில் காது கொடுத்துக் கேட்பதையும், மதுவின் வாடையைத் தேடி மோப்பம் பிடிப்பதையும், அண்டை வீட்டாரிடம் உளவு கேட்பதையும் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) விலக்குகிறார்.

எனினும் இவ்விலக்குக்கு ஓர் எல்லை உண்டு. ஹிஜ்ரி 450இல் (கி.பி. 1058) மறைந்த அல்-மாவர்தி தமது 'அல்-அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா'வில் அதனைத் தெளிவாக்குகிறார். ஒருவன் மற்றொருவனைக் கொல்வதற்காகத் தனியே அழைத்துச் சென்றிருக்கிறான் என நம்பகமானவர் தெரிவித்தால், அப்போது துருவிப் பார்ப்பதற்கு அனுமதியுண்டு. பிந்தினால் மீட்கமுடியாத இழப்பு நேரும் என்பதே காரணம். குறிப்பிட்ட ஆள், குறிப்பிட்ட தகவல், நம்பத்தக்க சாட்சி, உடனடியான ஆபத்து என்னும் நான்கும் இங்கு ஒன்றுசேர்வதை நாம் கவனிக்கவேண்டும்.

இவ்வளவுகோலைப் பர்மிங்ஹாமுக்குப் பொருத்தினால் தவறு எங்கே நிகழ்ந்தது என்பது தெளிவாகிறது. 2007இல் கைதானவர்களைக் காவல்துறை பின்தொடர்ந்தது அல்-மாவர்தியின் விதிவிலக்குக்குள் அடங்கத்தக்கது. அதற்குப் பின் இரண்டு பகுதிகளின் மக்கள் அனைவரையும் சுற்றி வளையமிட்டது அடங்காது. அங்கே குறிப்பிட்ட ஆளுமில்லை, சாட்சியுமில்லை. வசிப்பிடமே ஐயத்துக்குக் காரணமாயிற்று. அதனினும் கொடியது நோக்கத்தை மறைத்தது. தம் தெருக்களில் திருட்டு குறையவேண்டும் என விரும்பிய மக்களின் இசைவைப் பெற்று, அதனை அவர்கள்மீதே ஐயப்படுவதற்குப் பயன்படுத்த முனைந்தது அமானிதத்துக்கு இழைத்த துரோகமாகும். காவல்துறையுடன் ஒத்துழைக்கலாம் என்று அண்டை வீட்டாரிடம் அதுவரை வாதாடி வந்தவர்களே இதனால் முதலில் தலைகுனிய நேர்ந்திருக்கும்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் கேமராவை வெறுத்து ஒதுக்குவது எளிதாயிருக்கும். ஆனால் 2013 ஏப்ரல் 29ஆம் நாள் இரவு, ஸ்பார்க்புரூக்கை அடுத்த ஸ்மால் ஹீத்தில் பள்ளிவாசலிலிருந்து தொழுதுவிட்டு வீடு திரும்பிய 82 வயது முதியவர் ஒருவர் குத்திக் கொல்லப்பட்டார். அடுத்த மாதங்களில் வால்சால், வுல்வர்ஹாம்டன், டிப்டன் ஆகிய ஊர்களின் பள்ளிவாசல்களைக் குறிவைத்துக் குண்டுகள் வைக்கப்பட்டன. முஸ்லிம்கள்மீது கொண்ட வெறுப்பால் இவை அனைத்தையும் செய்தவன் ஒருவனே. அவனை அடையாளம் காணக் கேமராப் பதிவுகள் துணைபுரிந்தன. நிகழ்ந்த குற்றத்தைத் தொடர்ந்து, குறிப்பிட்ட ஆளைத் தேடி நடந்த அத்தேடலை எந்தப் பள்ளிவாசலும் குறைகூறவில்லை. மூன்றாண்டுகளுக்கு முன் கேமராக்களை அகற்றக் கோரிய மக்கள் கருவியைப் பகைத்தவர்கள் அல்லர். அதனை ஏந்திய கையின் நேர்மையைக் கேட்டவர்கள்.

அவர்கள் கேட்டது வீண்போகவில்லை. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 2012இல் இயற்றிய உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் கேமராக்களுக்கென 12 நெறிகள் கொண்ட தொகுப்பு 2013இல் நடைமுறைக்கு வந்தது. கண்காணிப்புக்குத் தெளிவான நோக்கம் வேண்டும், அந்நோக்கம் இயன்றவரை வெளிப்படையாக இருக்கவேண்டும், பொறுப்பாளர் யாரென மக்கள் அறியவேண்டும் என்பன அவற்றுள் அடங்கும். வாசல் வழியே வரவேண்டும், ஸலாம் கூறி நுழையவேண்டும் என்று ஒரு சாதாரண மனிதர் கலீஃபாவிடம் கேட்டது இதுவே அன்றோ? கேட்டவரின் துணிவையும் கேட்டுத் திரும்பிய ஆட்சியாளரின் பணிவையும் நம் முன்னோர் ஒருங்கே போற்றி வந்துள்ளனர். நம் தெருக்களிலும் பள்ளிவாசல் வாயில்களிலும் கேமரா பொருத்த யாரேனும் இசைவு கேட்டு வரும்போது, எதற்காக, யாருக்காக, எத்தனை நாளைக்கு என்று கேட்கும் கடமையை நாமும் மறவாதிருப்போமாக.