பனைமரத்தின் நடிப்பு

சினிமாக் கொட்டகையிலிருந்து வெளியே வருகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. ஒரு ரகம், வெளிச்சம் கண்ணில் பட்டவுடன் மூக்கைச் சுளித்து, "இதெல்லாம் ஒரு படமா?" என்று கேட்கும். இன்னொரு ரகம், கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசாமல் நடக்கும். நான் இரண்டாவது ரகம். கொடுத்த காசுக்கு அழ வேண்டிய இடத்தில் அழுது, சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்துவிட்டு வருகிறவன்.

அதற்காக முதல் ரகத்தாரிடம் எனக்குப் பகை ஒன்றும் கிடையாது. அவர்களிலே தலைசிறந்தவர், கதை எழுதிப் பிழைக்கும் எங்களுக்கெல்லாம் குரு ஸ்தானத்தில் இருப்பவர். ஆனந்த விகடனில் 'கர்நாடகம்' என்று பெயர் வைத்துக்கொண்டு, பாட்டுக் கச்சேரி, நாடகம், டாக்கி எதையும் விடாமல் பிய்த்து உதறிய கல்கியைத்தான் சொல்கிறேன்.

1935-ஆம் வருஷத்தில் 'நந்தனார்' படம் வந்தது. கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்த படம். அந்த அம்மாள் அதில் நடிக்க வந்த வரலாறே ஒரு தனிக் கதை. கணவர் எஸ். ஜி. கிட்டப்பா 1933-இல், முப்பது வயதுகூட நிரம்பாமல், காலமாகிவிட்டார். சுந்தராம்பாள் வெள்ளைப் புடவை உடுத்து, இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று ஒதுங்கிவிட்டார். அசன்தாஸ் என்ற பட முதலாளி விடாமல் வந்து கேட்டார். ஆளை விரட்டிவிடலாம் என்று எண்ணி அம்மாள் ஒரு லட்ச ரூபாய் கேட்டார். பல படங்களின் மொத்தச் செலவே அந்தத் தொகையை எட்டாத காலம். மனிதர் சரி என்று சொல்லிவிட்டார்! வேதியர் வேஷத்துக்குச் சங்கீத வித்வான் மகாராஜபுரம் விசுவநாத அய்யரைப் பிடித்துப் போட்டார்கள். ஒரு பெண்மணி நந்தனாராகவும், கச்சேரி வித்வான் வேதியராகவும் வந்தால் ஊர் வாய் சும்மா இருக்குமா?

கல்கி படத்தைப் பார்த்தார். அதில் வரும் பனைமரமும், எருமையும், ஆடும்தான் நன்றாக நடித்திருக்கின்றன என்று எழுதிவிட்டார்.

சிரிக்காமல் இருக்க முடிகிறதா? என்னால் முடியவில்லை. அதோடு, அது வெறும் நையாண்டியும் அல்ல. அந்நாளில் டாக்கி என்பது பெரும்பாலும் நாடக மேடையைத் தூக்கிக்கொண்டு வந்து காமிராவுக்கு முன்னால் வைத்ததுதான். ஒரே இடத்தில் அசையாமல் நின்று பாட்டுக்கு மேல் பாட்டாகப் பாடுவார்கள். அத்தனைக்கும் நடுவில் காற்றில் ஆடுகிற பனைமரம்தான் சினிமாவின் இலக்கணத்துக்குப் பொருந்தி இருந்திருக்கும். கல்கியின் கண் தப்புச் சொல்லவில்லை.

ஆனால் ஜனங்கள் கண்ணை எடுத்துக்கொண்டா கொட்டகைக்குப் போனார்கள்? என் பாட்டி அந்தப் படத்தைப் பத்து வயதில் டூரிங் டாக்கீஸில் மணல் தரையில் உட்கார்ந்து பார்த்தவள். எண்பது வயதுக்கு மேலும் அதைப் பற்றிச் சொல்லுவாள். "கிட்டப்பா போனதுக்கு அப்புறம் அந்த அம்மா வாயைத் திறந்து பாடினதைக் கேட்டோம்டா. கொட்டகையிலே ஒருத்தர் பேசலை" என்பாள். எருமை எப்படி நடித்தது என்று ஒரு தடவை நான் விஷமமாகக் கேட்டேன். "எருமையா? அதிலே ஏதுடா எருமை?" என்றாள். பெரிய பட்டணங்களில் டிக்கெட் வாங்கி நாடகம் பார்க்க வழியில்லாத ஒரு சிறுமிக்கு, அந்தக் குரல் ஊர் தேடி வந்திருக்கிறது. அவள் கேட்கப் போனாள். கல்கி பார்க்கப் போனார்.

வேடிக்கை என்னவென்றால், நாலு வருஷத்தில் கல்கியும் எதிர்ப் பக்கத்துக்கு வந்து சேர்ந்தார். 1939-இல் கே. சுப்பிரமணியம் எடுத்த 'தியாக பூமி' கல்கியின் கதை. படத்தின் புகைப்படங்களோடு விகடனில் தொடராகவும் அது வெளிவந்தது. மறு வருஷம் வெள்ளைக்கார அரசாங்கம் தடை போடப் போகிறது என்று தெரிந்ததும், சென்னை கெயிட்டி கொட்டகையில் படத்தை இலவசமாகவே காட்டினார்கள். கூட்டம் நெருக்கியடித்தது. போலீசார் தடியடி நடத்தினார்கள். சினிமா பார்த்ததற்காக முதுகில் வீக்கத்தோடு வீடு திரும்பியவர்களிடம் போய், காமிராக் கோணம் சரியில்லை என்று யார் சொல்லுவது?

சுந்தராம்பாளுக்கு இன்னொரு விமரிசகரும் வாய்த்தார். 1953-இல் ஜெமினி வாசன் அவரை வைத்து 'ஒளவையார்' எடுத்தார். பிரம்மாண்டமான படம். யானைகள் என்ன, இடி மின்னல் என்ன! அப்போது முதன்மந்திரியாக இருந்த ராஜாஜி பார்த்தார். அவருக்குப் பிடிக்கவில்லை. டி. கே. சண்முகத்தின் ஒளவையார் நாடகம் இதைவிடப் பல மடங்கு மேல் என்றும், இடியும் மின்னலும் அட்டைக் கோட்டைகளும்தான் மிச்சம் என்றும் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். இவ்வளவு பணம் செலவழித்து எடுத்த படத்தைக் குறை சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும் என்றும் கூடவே எழுதினார். பெரியவர் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

எனக்கு இந்த மௌனம் கல்கியின் கேலியைவிட ஒரு படி கீழே என்றே தோன்றுகிறது. கல்கி தம் பத்திரிகையில், அத்தனை பேரும் படிக்கும்படி, தம் முகத்தைக் காட்டிக்கொண்டு சொன்னார். பிடித்திருந்தால் பிடித்தது என்றும் அதே இடத்தில் சொல்லக்கூடியவர். இன்றைக்குப் படம் வெளியாகி முதல் காட்சி முடிவதற்குள் தீர்ப்பு எழுதிவிடுகிறவர்களிடம் எனக்கு உள்ள குறையும் இதுதான். குற்றம் கண்டுபிடிக்கட்டும், தாராளமாக. ஆனால் பக்கத்து நாற்காலிக்காரன் ஏன் அழுதான் என்று ஒரு வரியாவது எழுதக் கூடாதா? அவன் எழுத மாட்டான். என் பாட்டியும் எழுதவில்லை.

'ஒளவையார்' இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. அட்டைக் கோட்டை எவ்வளவு அட்டை என்று நாமே பார்த்துக்கொள்ளலாம். அதன் நடுவில் அந்தக் குரல் எப்படி எழும்புகிறது என்பதையும் கேட்டுக்கொள்ளலாம். 1942-இல் தண்டபாணி தேசிகரை நந்தனாராக வைத்து ஜெமினி எடுத்த படமும் இருக்கிறது. 1935-இல் வந்த 'நந்தனார்' மட்டும் இல்லை. ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. அந்தப் படத்தைப் பற்றி இப்போது யார் எழுத உட்கார்ந்தாலும் முதலில் கைக்கு அகப்படுவது அந்தப் பனைமரமும் எருமையும்தான். நானும் அங்கேதானே ஆரம்பித்தேன்!