செங்கற்பட்டுக் கரையின் தொல்காந்தவியல்

தொல்காந்தவியல், பாறைக்குள் உறைந்துபோன பழைய காந்தத் திசையை அளந்து கண்டங்கள் நகர்ந்த வழியையும் மோதிய காலத்தையும் கண்டறியும் துறை. மேக்னடைட் கனிமம் 580 பாகை செல்சியசுக்குக் கீழே ஆறும்போது அன்றைய புவிக்காந்தத் திசையைப் பிடித்துக்கொள்கிறது. நிலநடுக்கோட்டில் அத்திசை கிடையாக இருக்கும். துருவத்தை நெருங்க நெருங்கச் செங்குத்தாகும். மாமல்லபுரத்தின் அட்சரேகைக்கு, நீண்டகாலச் சராசரியில், சாய்வு சுமார் 24 பாகை. இங்குள்ள பாறை ஒன்று 60 பாகை காட்டினால், அது பிறந்தபோது இந்த நிலம் 41 பாகை அட்சரேகையை ஒட்டி இருந்தது என்று பொருள். தீர்க்கரேகையை மட்டும் இந்தக் கணக்கு சொல்லாது.

1951இல் கேம்பிரிட்ஜில் எட்வர்ட் இர்விங் தக்காண எரிமலைப் பாறைகளை அளந்தபோது, இந்தியா தென் அரைக்கோளத்திலிருந்து வடக்கே வந்த தடம் தெரிந்தது. 1956இல் ஜான் கிளெக் குழுவினரின் அளவீடுகளும் அதையே காட்டின. கண்டப்பெயர்ச்சியைப் பெரும்பாலான புவியியலாளர்கள் ஏற்காத காலம் அது. அதனால்தான் இந்தக் கல்லின் சாட்சிக்கு மதிப்பு அதிகம்.

1960 வரை செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்த சத்தியவேட்டின் கிரிட்டேசியஸ் மணற்கல்லை ஆராய்ந்து 1970இல் முடிவுகளை வெளியிட்டவர்கள் மிட்டல், வர்மா, புல்லையா. ஆனால் இந்தியா ஆசியாவோடு மோதிய காலத்தைத் துலக்கியவை கடல்தரைப் பாறையில் பதிந்த காந்தப் பட்டைகள். ஆண்டுக்கு 15 சென்டிமீட்டருக்கு மேல் விரைந்த இந்தியா, சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவோடு முட்டி வேகம் தளர்ந்ததை 1984இல் பாட்ரியா, அஷாஷ் இருவரும் காட்டினர்.

இன்னும் பழைய கதை பல்லாவரத்துச் சார்னோகைட் பாறையில் இருக்கிறது. பரங்கிமலையிலிருந்து போனதாகக் கருதப்படும் கல்லால் ஆன, ஆங்கிலேய வணிகர் ஜாப் சார்னாக்கின் கல்கத்தாக் கல்லறையை ஒட்டிப் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893இல் இட்ட பெயர் அது. வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டு. மாமல்லபுரத்தில் பல்லவர் உளி பட்ட குன்றுகளும் தொன்மையான படிகப் பாறைகளே. ஆனால் பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் துளையிட முடியாது. ஆய்வாளர்கள் கல்குவாரிகளைத்தான் நாட வேண்டும். சுமார் இரண்டரை சென்டிமீட்டர் குறுக்களவுள்ள உருளையை வைர முனைத் துளைகருவியால் தண்ணீர் விட்டபடி வெட்டுவார்கள். எடுக்குமுன் அதன் திசையைக் குறிக்க வேண்டும். பாறையின் காந்தம் திசைகாட்டியையே ஏமாற்றக்கூடும் என்பதால், சூரிய நிழலையும் துணைக்கு வைத்துக்கொள்வார்கள். பிறகு ஆய்வகத்தில், புறக்காந்தம் புகாத அடுப்பில் படிப்படியாகச் சூடேற்றி, பிற்காலத்தில் ஏறிய காந்தத்தைக் களைவார்கள்.

தமிழகச் சார்னோகைட்டின் காந்தத்தை அளந்த 2009ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, 'ஊர்' எனப்படும் தொல்கண்டத்தோடு அதைப் பொருத்திப் பார்த்தது. அந்தக் கண்டத்தை முன்மொழிந்தவர் ஜான் ராஜர்ஸ். துணிச்சலான முயற்சிதான், இடரும் உண்டு: மணற்கல்லுக்கு இருப்பதுபோன்ற படிவு அடுக்கு சார்னோகைட்டுக்குக் கிடையாது. மலை பின்னாளில் சாய்ந்திருந்தால் பாறையைப் பார்த்து அதைச் சொல்வது கடினம். அதனால் அது தரும் அட்சரேகையை, பாறை வெடிப்புகளில் பாறைக்குழம்பு புகுந்து உறைந்த, வயது துல்லியமாகத் தெரிந்த டைக் பாறைகளின் அளவோடு ஒப்பிட்டே எடைபோட வேண்டியிருக்கிறது.